பூட்டியிருந்த வானத்துப் பீடம்

இரும்புக் கேற்றில் ஒரு பூட்டுத் தொங்கியது.

கேற்றுக்கு அந்தப் பக்கம், இன்னும் நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில், கல்லால் அடுக்கிய பீடம். கொரியாவில் கங்குவா என்றொரு தீவு. அதில் மானி மலை. அதன் உச்சியில், ஆதிகாலத்து அரசன் ஒருவன் வானத்துக்குப் பூசை செய்தான் என்று அந்த நாட்டுச் சனம் நம்புகிற இடம் இது. இதைப் பார்க்கத்தான் காலையிலிருந்து ஏறி வந்திருந்தேன்.

மூச்சு இன்னும் எனக்குத் திரும்பவில்லை. என் மகள் தாரணி கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "ஃபெர்மே" என்றாள். பூட்டியாச்சாம். கொஞ்ச நேரம் விட்டு, "ஆங்கோர்" என்றாள். மறுபடியும்.

பாரிசில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு அந்தச் சொல் விளங்காமல் இல்லை. மறுபடியும் என்றால், இதற்கு முதல் எப்போது? அவள் முன்னம் இங்கே வந்ததாக எனக்குச் சொல்லவே இல்லையே.

"முந்தியும் வந்தனியோ பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். எங்களுக்குக் கீழே கடல் வற்றிப்போய்ச் சேறு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பதிலுக்குப் போக முன்னம், பாரிசில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் இருக்கவேண்டிய நான் ஏன் கொரியாவில் ஒரு மலை உச்சியில் நின்றேன் என்பதைச் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தைக் கிழமைதோறும் வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். நேர்ப்பாதையில் போக எனக்கு வராது.

டிக்கெட் போடுகிற மனுசி

லாச்சப்பலில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு பயண முகவர் கடையில் எனக்கு வேலை. ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடை, மற்றப் பக்கம் போன் கடை. கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கு மேலாலேதான் நான் விமான நேரங்களை வாசித்துச் சொல்லவேண்டும். இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கே சேர்ந்தேன். எங்கள் சனத்துக்கு அது என்ன வருஷம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்குப் போகவேணும் என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம், போர் முடிந்த அந்த வருஷம், போட்டுக்கொடுக்க என்னிடம் டிக்கெட் இருக்கவில்லை.

எங்கள் தொழிலில் செத்தவீட்டு டிக்கெட் என்று ஒன்று உண்டு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற முகத்திலேயே அது தெரிந்துவிடும். விலையைக் கேட்கமாட்டார். எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ என்று கேட்கமாட்டார். பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பார். அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டு நாங்கள் தேடத் தொடங்குவோம்.

அப்படி வருகிறவரிடம் நாங்களாகக் கேட்கக்கூடாத ஒரு கேள்வி இருக்கிறது. "திரும்பி வாறது எப்ப?" மற்ற எல்லாருக்கும் அதுதான் முதல் கேள்வி. செத்தவீட்டுக்குப் போகிறவருக்கு மட்டும் அதைக் கேட்பதில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். கடைக்காரர் ஈசன் அண்ணை பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த ஆள் இன்னும் போய்ச் சேரவே இல்லை, நீ திரும்பிற கதை கதைக்கிறாய். அவையளாச் சொல்லட்டும். சொல்லுமட்டும் நீ ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிரு."

அன்றையிலிருந்து நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

தோகா வழி, துபாய் வழி, சென்னை வழி என்று எத்தனையோ பேரைப் பெட்டி மூட முதல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், கடை வாசலில் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதை ஏன் ஒளிக்கவேணும்?

போனுக்குள்ளே ஒரு செத்தவீடு

என் கணவர் பெயர் குணரத்தினம். ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில் வேலை செய்தார். சத்தம் போடாத மனுசன். நான் போடுகிற சத்தம் இரண்டு பேருக்கும் போதும் என்று பகிடி விடுவார்.

ஒரு மாரிக்காலத்துக் காலையில், வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். ஒரு சப்பாத்து காலில் இருந்தது, மற்றது கையில் இருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

நோய்க்கு அஞ்சி நாடுகள் எல்லாம் கதவைப் பூட்டி வைத்திருந்த காலத்தின் வால்பகுதி அது. எங்களுக்கு ஒரே பிள்ளை தாரணி. பாரிசில் பிறந்தவள், சின்ன வயதிலேயே கொரிய மொழியில் பைத்தியமாகி, அதையே படித்து, சியோல் நகரத்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

இவர் போன அன்று பின்னேரம் நான் என்ன செய்தேன் தெரியுமோ? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனேன். ஈசன் அண்ணை எழும்பி என் கதிரையைத் தந்தார். ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். என் பிள்ளைக்கு நானே செத்தவீட்டு டிக்கெட் தேடினேன்.

கிடைக்கவில்லை. இருந்த விமானம் ஒன்று நிறுத்தப்பட்டுவிட்டது. மற்ற வழியாக வந்தால் இடையில் ஒரு நாட்டில் இறங்கவிடமாட்டார்கள். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எரித்து முடிந்த பிறகுதான் வந்து இறங்குவாள். நாளைத் தள்ளிவைக்கக் கேட்டோம். எரிக்கிற இடத்தில் அந்த நாட்களில் வரிசை. கிடைத்த நாளை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஊரார் எல்லாரையும் அனுப்பி வைத்த எனக்கு என் பிள்ளையைக் கூப்பிட முடியாமல் போயிற்று. அந்தத் தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போய் இருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே அவள் போனில் பார்த்தாள். இவருடைய தம்பி மகன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். தேவாரம் பாடியது கேட்டதாம். பெட்டி மெல்ல உள்ளே நகர்கிற நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அவள் கடைசியாகக் கண்டது பெட்டியின் ஒரு பாதியையும் அதன்மேல் இருந்த என் கையையும்தான். கதவு மூடியதை அவள் காணவில்லை.

அன்றைக்குப் பிறகு தாரணி என்னோடு தமிழ் கதைக்கவில்லை.

முந்தி அப்படி இல்லை. தகப்பனோடு தமிழ், என்னோடு சண்டை பிடிக்கப் பிரெஞ்சு என்று வைத்திருந்தாள். இப்போது எல்லாமே பிரெஞ்சாகிவிட்டது. சாப்பிட்டேன், குளிர்கிறது, வேலை இருக்கிறது, வைக்கிறேன். வங்கியிலிருந்து கதைக்கிற பிள்ளை மாதிரி மரியாதையாகக் கதைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீரை நான் காணவில்லை. அழுதால் ஆறும் என்று தெரிந்த எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முதலாம் ஆண்டுத் திவசத்தை நாங்கள் ஆட்டை என்போம். கோடை முடிகிற நேரம், ஆட்டைக்கு வருவாய்தானே என்று கேட்டேன். அதற்குள் வழியெல்லாம் திறந்துவிட்டது. அவள் பிரெஞ்சில் சொன்ன பதில் இது: "எரிக்கிறதுக்கே வராதவள் சாப்பாட்டுக்கு வந்து என்ன செய்ய?"

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அடுத்த நாள் எனக்கு நானே ஒரு டிக்கெட் போட்டேன். நாடு பார்க்கும் ஆசை எனக்கில்லை. இவருடைய ஆட்டைக்கு எங்கள் பிள்ளை வீட்டில் நிற்கவேணும், நின்று அழவேணும். அதுக்குத்தான் போனேன்.

மலை ஏறலாமோ?

வருகிறேன் என்றதும், உங்களை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று தாரணி எழுதியிருந்தாள். வானத்துக்குக் கட்டிய பீடம் என்று ஒரு படமும் அனுப்பினாள். அதைக் கடையில் காட்டியதுதான் என் பிழை.

பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற சரோஜா புதுச்சேரிக்காரர். சுடிதார் ஒன்றைக் கொடுக்க வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"என்னங்க நீங்க, வருஷம் திரும்பலியே! சாவு விழுந்த வீட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாதுங்க. எங்க பக்கம் பச்சைப் புள்ளைக்குக்கூட இது தெரியும்."

எனக்குத் தெரியாது. கொடியேற்றம், தேர் பார்ப்பதில்லை, நல்ல காரியங்களுக்கு முன்னுக்கு நிற்பதில்லை. இதெல்லாம் தெரியும். மலை விஷயம் புதிதாக இருந்தது.

ஈசன் அண்ணை கணினிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "எங்கடை யாழ்ப்பாணத்திலை மலை எங்கை இருக்கு, மலைக்குச் சட்டம் இருக்க? இருக்கிறது கீரிமலை ஒண்டு. அது கடற்கரை. அங்கை போறதே செத்தவைக்காகத்தான்."

எல்லாரும் சிரித்தோம். சரோஜா சிரிக்கவில்லை. "மலைன்னா சாமி இருக்கிற மலைங்க. அங்க சாமி இருக்கா?"

"வானம்தான் சாமியாம்" என்றேன்.

"வானம் இங்கயும்தான் இருக்கு. அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் ஏறணும்?"

எனக்கு மனதுக்குள் குத்தத் தொடங்கிவிட்டது. இவருக்கு ஏதும் குறை வைத்துவிடுவேனோ என்று. கோயிலுக்குள்ளே போகாமல் வாசலில் நின்று குருக்கள் ஐயாவைக் கேட்டேன்.

"அங்கை என்ன மூர்த்தி?" என்றார்.

"மூர்த்தி இல்லையாம் ஐயா. கல்லு மட்டும்தானாம். மேலை கூரையும் இல்லையாம்."

ஐயா கொஞ்சம் யோசித்தார். "மூர்த்தி இல்லாட்டிக் கோயில் இல்லை. கோயில் இல்லாட்டி என்னட்டை ஏன் கேக்கிறியள்? பிள்ளையைப் பாக்கப் போறியள், போட்டு வாங்கோ."

சரோஜாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் தெளியவில்லை. ஆனாலும் வெளிக்கிடுகிற அன்று வந்து, முழங்காலுக்குப் போடுகிற இறுக்கமான துணி உறை இரண்டைத் தந்துவிட்டுப் போனார். "ஏறத்தான் போறீங்க. விழாம ஏறுங்க" என்றார்.

வானம் கீழே, பூமி மேலே

கங்குவாத் தீவுக்குப் பாலத்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். தெருவோரத் தோட்டங்களில் இலை கொட்டிய மரங்களில் செம்மஞ்சள் நிறத்தில் பழங்கள் தொங்கின. தாரணி யன்னல் பக்கம் இருந்தாள். நான் வந்து நாலைந்து நாளாகிவிட்டது. எனக்கு நல்ல சாப்பாடு வாங்கித் தந்தாள், நல்ல படுக்கையில் படுக்க வைத்தாள், அரண்மனை காட்டினாள். தகப்பனைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. நான் தொடங்கினால் தண்ணீர் எடுக்க எழும்பிப் போய்விடுவாள்.

மலை ஏறுவது படிக்கட்டுத்தான் என்றாள். படிக்கட்டு என்றால் எங்கள் மெட்ரோ நிலையத்துப் படி மாதிரி நினைத்தேன். அது மனுசக் கால்களை நினைத்துக் கட்டியது மாதிரித் தெரியவில்லை. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். சில இடத்தில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். தாரணி முன்னால் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் வந்ததும் தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு மறுபடி நடந்தாள். முதுகுப் பையை மட்டும் என்னிடம் தரவில்லை. கழற்றி வைக்கவும் இல்லை.

என்னிலும் வயது கூடிய கொரியப் பெண்கள் ஊன்றுகோல்களோடு என்னைக் கடந்து போனார்கள். ஒருவர், நெற்றியை மறைக்கிற ஊதாத் தொப்பி போட்டவர், நின்று என் கையில் ஒரு தோடம்பழத்தை, சின்ன ஆரஞ்சை, வைத்து ஏதோ சொன்னார். தாரணியைப் பார்த்தேன். உரிச்சுச் சாப்பிட்டுவிட்டு ஏறட்டாம் என்று பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். கொரிய மொழி, பிரெஞ்சு வழியாக, என் காதில் தமிழாகி விழுந்தது.

இடைவழியில் ஒரு பலகையில் பீடத்தின் படம் இருந்தது. அடிப்பகுதி வட்டம், மேற்பகுதி சதுரம். வட்டம் வானத்துக்கு, சதுரம் பூமிக்காம்.

"வானம் கீழை இருக்கு, பூமி மேலை இருக்கு. தலைகீழாயெல்லோ கட்டி இருக்கினம்?" என்றேன்.

தாரணி படத்தைத் தொட்டுப் பார்த்தாள். தனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது என்றாள். அன்று அவள் சொன்ன மிக நீளமான வசனம் அது.

நான் மெதுவாக ஏறியதில் நேரம் போய்விட்டது. பின்னேரமாக முன்னமே பீடத்தின் கேற்றைப் பூட்டிவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உச்சிக்கு வந்தபோது பூட்டுத் தொங்கியது. அங்கேதான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

எட்டாம் நாள் கதவு

கேற்றடியில் ஒரு கல்லில் இருந்தேன். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கடையில் படித்த பாடம் அது. சில கேள்விகளுக்கு ஆள் தானாகச் சொல்லுமட்டும் பொறுத்திருக்கவேணும்.

கடைசியில் சொன்னாள், கம்பியைப் பார்த்தபடி, பிரெஞ்சில். அந்த மாரியில், தகப்பனை எரித்த கிழமையில், அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மா ஒரு கதை சொன்னாராம். வானத்துக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் முந்திய காலத்து ஆட்கள் அந்த மலைக்குத்தான் போவார்கள் என்று. அடுத்த நாளே தனியாக வந்திருக்கிறாள். எங்கும் பனி. படிகளில் சறுக்கிச் சறுக்கி ஏறியிருக்கிறாள். நோய்க்காலம் என்று கேற்றைப் பூட்டியிருந்தார்கள்.

"பாரிசிலும் கதவு, இங்கேயும் கதவு" என்றாள். "நான் போகிற இடமெல்லாம் அப்பாவுக்கு முன்னால் ஒரு கதவு பூட்டியிருக்கிறது. இன்றைக்காவது திறந்திருக்கும் என்று நினைத்தேன்."

அந்தப் பனியில் தனிய நின்ற பிள்ளையை நினைத்தேன். அது எந்த நாளாக இருக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பாரிசுக்குப் பக்கத்தில், சென் தெனியில், எங்கள் வீட்டில் நாங்கள் எட்டுச்செலவு செய்த கிழமை.

செத்த எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பதை நாங்கள் எட்டுச்செலவு என்போம். தாரணி அதையும் பார்க்கவில்லை. போனில் காட்டட்டுமோ என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். அதில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொன்னால் இவளுக்கு விளங்குமோ என்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"பிள்ளை, இஞ்சை வா. இதிலை இரு. எட்டுச்செலவுக்கு எல்லாம் படைச்சு முடிஞ்சாப் பிறகு நாங்கள் என்ன செய்யிறனாங்கள் தெரியுமோ? அறைக் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியிலை வந்து நிக்கிறது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிடுற ஆளை நிண்டு பாக்கக்கூடாது. அவர் வந்து ஆறுதலாச் சாப்பிடோணும். அதுக்காகத்தான் கதவு. பிறகு தட்டிப்போட்டுத்தான் திறக்கிறது. அண்டைக்கு உன்ரை சித்தப்பா தட்டினவர். கதவு பூட்டியிருந்தால் அப்பா இல்லையெண்டில்லை. உள்ளுக்கை சாப்பிடுறார் எண்டுதான் அர்த்தம்."

கம்பியை விட்டு என் பக்கம் வந்தாள். பிறகு, என்னென்ன படைத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். இடியப்பம், கணவாய்ப் பிரட்டல், ஒடியல் கூழ், ஒரு கிளாஸ் வைன். சிகரெட்டை விட்டுப் பல வருஷமான மனுசனுக்கு அவருடைய கூட்டாளிகள் ஒரு சிகரெட்டையும் பற்றவைத்து வைத்தார்கள்.

இனிப்பு வைக்கவில்லையா என்று கேட்டாள்.

"சீனி வருத்தக்காரனுக்கு என்ன இனிப்பு?" என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

தாரணியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. முதுகுப் பையைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு கடதாசிப் பையை எடுத்தாள். சியோலில் பிரெஞ்சுப் பேக்கரிகள் நிறைய இருக்கின்றன. பைக்குள் இருந்தது ஒரு பான் ஒ ஷொக்கோலா, உள்ளே சொக்லேட் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி, நசுங்காமல், காலையிலிருந்து மலை முழுக்கச் சுமந்து வந்தது.

சின்ன வயதில் சனிக்கிழமைகளில் லாச்சப்பலுக்குத் தமிழ் வகுப்புக்கு இவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். வகுப்பு முடிந்ததும் மூலைப் பேக்கரியில் ஒன்று வாங்கி இரண்டாகப் பிய்ப்பார்களாம். பெரிய பாதி அப்பாவுக்கு. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தமாம். எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் அவருடைய கோட்டுக் கழுத்துப்பட்டியில் அந்தப் பொருக்கு ஒட்டியிருக்கும். நான் தட்டிவிடுவேன். ஒருநாளும் கேட்டதில்லை.

தாரணி அதை இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியைக் கடதாசியோடு கம்பிக்கு இடையால் கையை நீட்டி, உள்ளே ஒரு கல்லின்மேல் வைத்தாள். சின்னப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், பிறகு அதிலும் பாதியை எனக்குத் தந்தாள். அந்தச் சனிக்கிழமைக் களவில் எனக்குக் கிடைத்த முதல் பங்கு. வாயில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இப்ப திரும்பி நிப்பம்" என்றேன். "கதவு பூட்டித்தானே இருக்கு."

பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றோம். தோடம்பழம் தந்த ஊதாத் தொப்பி அம்மா கீழே இறங்க வந்தவர் எங்களைக் கண்டு நின்றார். கல்லில் இருந்த கடதாசியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து அவரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த மனுசியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

கொஞ்ச நேரம் போனது. தாரணி என்னைப் பார்த்தாள். யார் தட்டுவது என்று அவள் கண் கேட்டது.

"நீதான் தட்டோணும். உன்ரை அப்பா" என்றேன். "திறக்கேலாட்டித் திரும்பிப் பாப்பம். அதுதான் திறக்கிறது. தட்டேக்கை கூப்பிடோணும்."

கேற்றுக்குப் பக்கமாகக் கையைப் பின்னால் நீட்டி, விரல் மூட்டால் இரும்பில் தட்டினாள். இன்னொரு தரம் தட்டினாள்.

"அப்பா."

காற்று அடித்தது.

"அப்பா, நான் தாரணி. நான் அண்டைக்கு வரேல்லை. எனக்கு வர ஏலாமப் போச்சு. சாப்பிட்டிட்டீங்களோ அப்பா? நான் கதவைத் திறக்கப் போறன்."

இவ்வளவையும் தமிழில் சொன்னாள். சனிக்கிழமைத் தமிழ்.

திரும்பிப் பார்த்தோம். கல்லின்மேல் கடதாசி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஒரு கொழுத்த சாம்பல் பூனை இருந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. நான் காகத்தை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். பூனை என்றால் இவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வீட்டு வாசலில் ஒன்று வந்து நின்றாலே மனுசன் தும்முவார்.

"அப்பாக்குப் பூனை சரிவராதே" என்றாள் தாரணி.

இருவரும் சிரித்தோம். ஊதாத் தொப்பி அம்மாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாரணியின் முகம் குலைந்தது. என் தோளில் விழுந்து அழத் தொடங்கினாள். அந்த மாரியில் அழவேண்டிய அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மலை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டேன். வானத்துக்குச் சொல்லத்தானே அந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். சரோஜா கேட்ட கேள்விக்கு எனக்கு அங்கே பதில் கிடைத்தது. லாச்சப்பலிலும் வானம் இருக்கிறதுதான். ஆனால் அங்கே இப்படிச் சத்தம் போட்டு அழ இடமில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் அதே கல்லில் நெருங்கி இருந்தாள். சூரியன் சேற்றுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆட்டை எப்ப?"

நாளைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு டிக்கெட் போடுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். பழகின விரல்கள் அல்லவா, அவை தங்கள் வேலையைச் செய்தன. சியோலிலிருந்து பாரிஸ். இந்தத் தரம் இடம் இருந்தது. அவளுடைய பெயரைப் போட்டேன், பிறந்த நாளைப் போட்டேன். திரை அடுத்த பெட்டியைத் திறந்து, திரும்பிப் போகிற நாளுக்காகக் காத்திருந்தது.

நான் அவளிடம் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.